பள்ளி நூலகர் ஆகணுமா? சேருமுன் இதைப் படிங்க!

புத்தகம் பிடிக்கும் என்பதற்காகவே நூலக அறிவியலில் சேருபவர்கள் உண்டு. சேர்ந்ததும் கைக்கு வருவதோ கதைப் புத்தகமல்ல, எண்கள்! டூயி பகுப்பு முறையில் வானியலுக்கு 520, பறவைகளுக்கு 598. மிரள வேண்டாம். மரங்கொத்தியைப் பற்றிக் கேட்டு வரும் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சட்டென்று புத்தகத்தை எடுத்துக் கொடுக்க முடிவது இந்த எண்களால்தான்.

எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் பி.எல்.ஐ.எஸ்சி. படிக்கலாம். ஓராண்டுதான். எம்.எல்.ஐ.எஸ்சி.க்கு மேலும் ஓராண்டு. இக்னோவில் தொலைநிலையிலும் உண்டு. வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்க நினைப்பவர்களுக்கு வசதி. எங்கே சேர்ந்தாலும் யு.ஜி.சி. அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்தப் படிப்புக்குத் தமிழ்நாட்டில் விதை போட்டவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தார். 1929-ல் சென்னையில் கோடைக்காலப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்.

அவர் பிறந்த மண்ணிலேயே, பல அரசுப் பள்ளிகளில் நூலகருக்கெனத் தனி ஆள் இல்லை என்பதுதான் வேதனை. ஓர் ஆசிரியர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். பாடம், தேர்வு, பதிவேடு என்று ஓடும் அவரிடம் பீரோ சாவி இருக்கும், நேரம் இருக்காது.

ஆகவே வேலை தேடுபவர்கள் கேந்திரிய வித்யாலயாக்களையும் தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகளையும்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவுக்கு நூலக அறிவியல் பட்டம், அல்லது ஏதேனும் ஒரு பட்டத்துடன் ஓராண்டு நூலக அறிவியல் டிப்ளமோ வேண்டும். இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தனியார் பள்ளி என்றால் சம்பளத்தோடு இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆசிரியர் வராத வகுப்புக்கெல்லாம் நூலகரை அனுப்புவார்களா?