காசும் கேஷும்

கண்ணுடையநாயகி திருக்கோயிலும் கம்பர் சமாதியும் விளங்கும் நாட்டரசன்கோட்டை, நகரத்தார் ஊர்களுள் ஒன்று. கடல் கடந்தும் கொடுக்கல் வாங்கல் நடத்திய அம்மரபினர் நாட்டில், ஆங்கிலக் ‘கேஷ்’ தமிழ்க் ‘காசு’ என்பதன் சிதைவே எனக் கூறின் அது செவிக்கு இனிதாதல் இயல்பே. ஆயினும் சொல்லாராய்ச்சிக்கு இனிமை அளவையாகாது.

ஆங்கிலத்தில் எழுத்தானும் ஒலியானும் ஒன்றாய்த் தோன்றும் ‘கேஷ்’ உண்மையில் இரு சொற்களாம். கைப்பணம் எனப் பொருள்படுவது, பெட்டியை உணர்த்தும் ‘கப்ஸா’ என்னும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, இத்தாலியம், பிரெஞ்சு மொழிகளின் வழியே 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் புக்கது. முதற்கண் பணப்பெட்டியைக் குறித்தது, பின்னர் அதனுள் இருக்கும் பணத்தைக் குறித்தது. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். இதற்கும் காசுக்கும் உறவில்லை.

சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றைய ‘கேஷ்’ காசின் வழித்தோன்றலே. போர்ச்சுகீசியர் அதனைக் ‘கைஷா’ என வழங்கினர். அவர் மொழியிற் பெட்டிக்கும் கைஷா என்பதே பெயர். அது முற்கூறிய கப்ஸாவின் வழியது. அயற்சொல்லைத் தம் நாவிற் பழகிய சொல்லின் வடிவிற்கு ஆக்கிக்கொள்ளுதல் எம்மொழியார்க்கும் உண்டன்றோ? ஆதலின், இப்பியை வெள்ளியெனக் காணும் திரிபிற்கு வித்து ஆங்கிலத்திற்கு முன்னரே இடப்பட்டது. அவர்பால் இச்சொல்லைப் பெற்ற ஆங்கிலேயர், சீனரின் துளையிட்ட செப்புக் காசையும் அப்பெயராற் சுட்டினர். 1818 வரை சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது கணக்கு. 1808-இல் கும்பினியார் இங்கிலாந்தில் அடிப்பித்த செப்பு நாணயங்களில் ‘கேஷ்’ என்றே பொறிக்கப்பட்டது.

காசு என்பதனைக் ‘கர்ஷம்’ என்னும் வடசொல்லோடு இயைப்பாரும் உளர். எவ்வாறாயினும் தமிழில் அதன் பழமை பெரிது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் அஃது ஒன்று. இராசராசன் தஞ்சைக் கல்வெட்டுக்களிற் பொன்னாணயப் பெயர். திருவீழிமிழலையில் வற்கடக் காலத்து அப்பரும் சம்பந்தரும் நாடோறும் பெற்றதும் காசே. பிள்ளையார் பெற்றதற்கு மட்டும் மாற்றுவார் வாசி கேட்க, அது தீரப் பாடியருளினார் என்பது சைவர் அறிந்தது. ஒரு காசுக்கும் மற்றொரு காசுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு விலையிட்ட அக்கடைத்தெருவார் போல, ஒரு வடிவினவாகிய சொற்களையும் உரைத்தே பார்த்தல் வேண்டும்.

தமிழ்க் கணக்கு வழக்கும் இதற்குச் சான்றாகும். ஏட்டிற் கையிருப்பைக் குறிக்குமிடத்து எழுதப்படுவது ‘ரொக்கம்’, ‘காசு’ அன்று.