கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள்

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்த மறுவாரமே நம் தோட்டங்களில் ஒரு பேச்சு எழும். "ரிசல்ட் வர்ற வரைக்கும் பையன் சும்மாவா இருக்கப் போறான்? எங்கேயாவது வேலைக்கு அனுப்பு." சொல்வதில் தப்பில்லை. வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வந்தால் கடைக் கடன் குறையும். ஆனால் என்ன கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புகிறோம் என்பதுதான் முக்கியம்.

நம் வட்டாரத்துப் பிள்ளைகள் போகும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கத்துப் பிள்ளைகள் காப்பார், மேரு தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஈஜோக் பிள்ளைகள் சுங்கை பூலோவுக்கும், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) பிள்ளைகள் ராவாங் பக்கமும் போகிறார்கள். பள்ளிச் சட்டையைக் கழற்றிய கையோடு முதலில் வந்து நிற்பவர் ஏஜெண்டு. "நாளுக்கு எழுபது வெள்ளி, கையிலே காசு. பாரம், கீரம் ஒன்னும் வேண்டாம்" என்பார்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 26 நாள் வேலை செய்தால் 1,820 வெள்ளி. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் இடங்களுக்கும், ஆகஸ்டில் மற்ற எல்லா முதலாளிகளுக்கும் இது அமலுக்கு வந்தது. இதில் சேமநிதிக்கு நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி பிடிப்பார்கள். சொக்சோவுக்கும் கொஞ்சம் போகும். "கையிலே ஆயிரத்து ஐந்நூறுதானே வருது! ஏஜெண்டு வேலைதான் லாபம்" என்று பிள்ளை சொல்லுவான்.

அங்கேதான் ஏமாறுகிறோம். முதலாளி தன் பங்குக்கு நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளி சேமநிதியில் போடவேண்டும். இரண்டு பங்கும் சேர்ந்தால் மாதம் 408, வருஷத்துக்கு 4,896 வெள்ளி. அதுவும் வட்டியோடு வளரும். 1,700-ம் 221-ம் சேர்ந்தால் 1,921. ஏஜெண்டு தரும் 1,820-ஐ விட 101 வெள்ளி அதிகம்! பெருநாள் விடுமுறைக்கும், டாக்டர் லீவுக்கும் நாள்கூலிக்காரருக்கு ஏஜெண்டு காசு தருவாரா? சட்டப்படி வருஷத்துக்கு 11 பொதுவிடுமுறையும், முதல் இரண்டு வருஷத்தில் 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பும் உண்டு.

சேமநிதி 1951-லேயே வந்தது. தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற நம் பெரியவர்கள் பலருக்குக் கடைசியில் கைகொடுத்தது அதுதான். அதைப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே விட்டுக்கொடுக்கலாமா?

இன்னொன்று, மோட்டார் சைக்கிள். கிள்ளான் சாலையில் விடியற்காலை லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் போகிறார்கள். வேலைக்குப் போகும், திரும்பும் வழக்கமான பாதையில் விபத்து நடந்தாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. டாக்டர் நாலு நாளோ அதற்கு மேலோ லீவு கொடுத்தால், நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80 கிடைக்கும். முதலாளி பெயரைப் பதியாமல் விட்டிருந்தால், காலில் கட்டோடு அந்தப் பணத்துக்கு நாம்தான் அலையவேண்டும்.

ஆகவே வேலைக்குப் போகுமுன் செய்யவேண்டியவை: 18 வயது நிரம்பியதும் அடையாளக் கார்டைப் புதுப்பியுங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் இரண்டுக்கும் நகல் எடுத்து வையுங்கள். சொந்தப் பெயரில் பேங்குக் கணக்கு திறவுங்கள். அடையாளக் கார்டையும் பேங்குக் கார்டையும் ஏஜெண்டிடம் விட்டு வராதீர்கள். நியமனக் கடிதத்தில் முதலாளி பெயர், சம்பளம், வேலை நேரம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான். சாதாரண நாளில் அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு. சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்தாகவேண்டும். வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். வக்கீல் வேண்டியதில்லை.

கைத்தொழில் கற்க விரும்பும் பிள்ளைக்கு நல்ல வழியொன்று உண்டு. 2005-ல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். திட்டம் ஜெர்மன் நாட்டு முறையைப் பின்பற்றியது. பயிற்சிக் காலத்தில் நூற்றுக்கு 70 முதல் 80 பங்கு தொழிற்சாலையிலும், மீதி பயிற்சி நிலையத்திலும் நடக்கும். முடிவில் மலேசியத் திறன் சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாள் கையில் இருந்தால், ஒரு தொழிற்சாலை மூடினாலும் இன்னொன்றில் தொழில் தெரிந்தவனாக நுழையலாம். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பெற்றோர்களே! "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சேமநிதி உண்டா? சொக்சோ உண்டா? கடிதம் எங்கே?" என்றும் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஒழுங்கான முதலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் நம் பிள்ளையை ஏன் அனுப்பவேண்டும்?