அரைப் பவுன் அயோடின்

உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தைராய்டுச் சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கும் ஹாஷிமோட்டோ நோய் தமக்கு இருப்பதாக அண்மையில் அறிந்த வாசகி ஒருவர், கோதுமை, பால், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், அயோடின் கலந்த உப்பு ஆகியவற்றையெல்லாம் விலக்கித் தொண்ணூறு நாள் பத்தியம் இருந்தால் மாத்திரையே வேண்டியிராது என்று உறவினரும் அயலாரும் செல்பேசியில் வரும் காணொளிகளும் ஒருமுகமாகச் சொல்வதில் உண்மை எவ்வளவு என்று கேட்டு எழுதியிருக்கிறார். நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரங்களில் எந்தப் பட்டியலும் ஆறுதலாகவே தோன்றும். ஆயினும் இந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்கு ஆதாரம் கிடையாது. ஆதாரமுள்ள சிறு பகுதியோ அவருக்குத் தலைகீழாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஏன் என்பது அந்தச் சுரப்பி தொழில் நடத்தும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்பவருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டாலும் அது நான்கு கிராமுக்குள், அதாவது அரைப் பவுனுக்குள் அடங்கிவிடும். அத்தனை அரிய பொருளைக் கொண்டு வேலை செய்யும் தைராய்டைப் பொற்கொல்லர் பட்டறை என்றே நான் கருதுகிறேன். ரத்தத்தில் உள்ளதைப்போல் இருபது முதல் நாற்பது மடங்கு வரை அயோடினை உள்ளே இழுத்துச் சேர்க்கும் அந்தப் பட்டறையில், பொன்வேலைக்குத் திராவகம் வேண்டியிருப்பதுபோல, அயோடினைப் புரதத்தில் ஏற்றுவதற்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு வேண்டியிருக்கிறது. புண்ணைக் கழுவவும் தலைமயிரை வெளுக்கவும் பயன்படும் அந்த அரிக்கும் பொருளை, மற்ற உயிரணுக்கள் தோன்றிய மாத்திரத்தில் ஒழித்துவிட முயலும்போது, தைராய்டின் உயிரணுவோ தானே முனைந்து ஓயாமல் தயாரிக்கிறது. அதைக் கையாண்டு, தைரோகுளோபுலின் என்னும் மாபெரும் புரதத்தின்மேல் கல் பதிப்பதுபோல் அயோடினைப் பதித்து, பதித்த இரு துண்டுகளை இணைத்துத் தைராக்ஸின் என்னும் ஹார்மோனை ஆக்கும் கைதேர்ந்த தொழிலாளிதான் டி.பி.ஓ. என்னும் நொதி. செய்து முடித்த சரக்கு இரண்டு மூன்று மாதத் தேவைக்குப் பெட்டியில் பூட்டி வைக்கப்படுகிறது. வேண்டியபோது புரதத்தைச் சிதைத்துத் தைராக்ஸினை மட்டும் ரத்தத்தில் விட்டபின், அரைகுறையாய் நின்றுபோன துண்டுகளில் ஒட்டியிருக்கும் அயோடினை இன்னொரு நொதி சுரண்டியெடுத்து மறுபடி வேலைக்கு அனுப்புகிறது. நகைப் பட்டறைகள் உள்ள தெருவின் சாக்கடை மண்ணை அரித்துப் பொன்துகள் சேர்ப்பவர்களின் சிக்கனத்துக்கு அது சிறிதும் குறைந்ததன்று. திராவகம் பட்டறைச் சுவரையே அரித்துவிடாதபடி காவல் நிற்பவை செலினியம் கொண்ட நொதிகள். உடலில் எடைக்கு எடை செலினியம் மிகுந்த உறுப்பு தைராய்டே.

பரம்பரையில் அதற்கான சாய்வு உள்ளவர்களிடம், ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகமாக, ஊர்க்காவலர்களாகிய ரத்த வெள்ளணுக்கள் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தத் தொழிலாளியையும் அவன் செய்த சரக்கையும் கள்வர் உடைமை என்று எண்ணிப் பட்டறைக்குள் புகுந்துவிடுகின்றன. பரிசோதனைச் சீட்டில் ‘ஆன்டி-டி.பி.ஓ.’ என்று காணப்படும் எதிர்ப்பொருள் அந்தத் தொழிலாளியின் பெயருக்கு எழுதப்பட்ட பிடியாணை. பட்டறையை இடிக்கும் வேலையைப் பெரிதும் செய்வது வெள்ளணுக்களே. ஆகவே, இன்ன பத்தியத்தால் அந்த எண் ஆயிரத்திலிருந்து அறுநூறாயிற்று என்று எவரேனும் பெருமையாகச் சொன்னால், அதனால் அவர் சுரப்பி தேறியதென்று கொள்ள இடமில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், தைராய்டு நோய் அறியப்படாத மக்களிலேயே பத்தில் ஒருவருக்கு மேல் இந்த எதிர்ப்பொருள் இருந்தது.

வரலாற்றை இங்கே நீட்ட விருப்பமில்லை. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹக்காரு ஹாஷிமோட்டோ 1912-இல் நான்கு பெண்களின் கழுத்துக் கழலையை ஆராய்ந்து ஜெர்மானிய ஏடு ஒன்றில் எழுதினார். பிறகு ஊர் திரும்பி வைத்தியம் பார்த்து, 1934-இல் டைஃபாய்டு கண்டு மறைந்தார். அவர் விவரித்த நோய் உடல் தன்னைத்தானே தாக்கும் வியாதி என்பது, லண்டனில் ராய்ட், டோனியாக் முதலியோரும் அமெரிக்காவின் பஃபலோவில் ரோஸ், விட்டெப்ஸ்கி இருவரும் தனித்தனியே செய்த ஆராய்ச்சிகளால் 1956-இல்தான் தெரியவந்தது.

ஆகாரத்துக்கும் இந்த நோய்க்கும் உள்ள மெய்யான தொடர்பு அயோடினின் மிகுதியிலேதான் இருக்கிறது. அளவுக்கு மேல் அயோடின் ஏறிய தைரோகுளோபுலின் காவலர் கண்ணுக்கு மேலும் அந்நியமாகப் படுகிறது. அன்றியும், அயோடின் திடீரென வெள்ளமாக வந்தால் தைராய்டு வேலையை நிறுத்திக்கொள்வதை வுல்ஃப், சைக்காஃப் என்ற இருவர் 1948-இல் எலிகளிடம் காட்டினார்கள். நலமுள்ள சுரப்பி சில நாட்களில் மறுபடி கதவைத் திறந்துவிடும், ஹாஷிமோட்டோ நோயுற்ற சுரப்பிக்கோ அந்தத் திறன் குன்றியிருக்கும். கடற்பாசியை மிகுதியாக உண்ணும் ஜப்பானில், அதைக் குறைத்ததுமே சுரப்பு மீண்ட நோயாளிகள் உண்டு. எனவே, தைராய்டுக்குப் போஷாக்கு என்று சொல்லி விற்கப்படும் கெல்ப் என்னும் கடற்பாசி மாத்திரைகளை இந்த நோயாளிகள் தொடவே கூடாது. ஆனால் இதையே காரணமாக்கி வீட்டு உப்பை விட்டு இந்துப்புக்கு மாறுவது பிழை. கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் உள்ள நம் உப்பு பத்து கிராம் சேர்ந்தாலும் ஒரு நாள் தேவையைத்தான் நிரப்புகிறது; இந்துப்பிலோ சொல்லத்தக்க அயோடின் கிடையாது. இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசாமியும் அவர் குழுவினரும் 1956-இல் தொடங்கி நடத்திய பரிசோதனை, அயோடின் உப்பால் கழலை குறைவதை நிரூபித்தது. ஒரே சமையலை உண்ணும் வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், அயோடின் குறைவது கருவிலிருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

முட்டைக்கோஸின் மீதான பழி, 1928-இல் பால்டிமோரில் ஏறத்தாழ அதை மட்டுமே தின்று வளர்ந்த முயல்களுக்குக் கழலை உண்டானதிலிருந்து வந்தது. அயோடின் போதிய அளவு கிடைப்பவர்கள் அதைப் பொரியலாகவோ கூட்டாகவோ வேகவைத்து உண்பதில் பயமில்லை. கோதுமையை விலக்க வேண்டியவர்கள், சீலியாக் நோய் பரிசோதனையால் உறுதியானவர்களே. தைராய்டு நோயாளிகளிடம் அது மற்றவர்களைவிடச் சற்று அதிகமாதலால், அறிகுறி இருந்தால் பரிசோதித்துக்கொள்ளலாம். செலினியம் மாத்திரை சில ஆய்வுகளில் எதிர்ப்பொருளின் எண்ணைக் குறைத்ததேயன்றி, நோயாளியின் களைப்பைத் தீர்த்ததாகவோ தைராக்ஸின் தேவையைக் குறைத்ததாகவோ உறுதியாகவில்லை. மிஞ்சினால் அது நஞ்சு.

உணவைவிட முக்கியமானது, மாத்திரை விழுங்கும் நேரம். பட்டறை செய்யத் தவறிய தைராக்ஸினையே வெளியிலிருந்து தரும் அந்த மாத்திரை மைக்ரோகிராம் கணக்கில் அளக்கப்படுவது. வெறும் வயிற்றில் வெந்நீரோ தண்ணீரோ கொண்டு விழுங்கி, அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் சென்றபின்தான் காப்பி குடிக்க வேண்டும். எழுந்தவுடன் காப்பி இல்லாமல் முடியாதென்பவர்கள், மருத்துவரைக் கேட்டு, இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது விழுங்கலாம். நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் அதுவும் நன்றாகவே பலன் தந்தது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், அளவை மாற்றியபின் ஆறு வாரமாவது பொறுக்காமல், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனாகிய டி.எஸ்.எச். அளவைப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. நடையும் உறக்கமும் தேகத்துக்கு நல்லவை, சோர்வையும் ஓரளவு தணிக்கும். அவை காவலரைத் திருப்பி அழைத்துவிடும் என்று எவரும் வாக்களிக்க முடியாது.

இந்த நோயில் தலைமயிர் உதிர்வதைக் கண்டு கலங்கிப் பலரும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது பல ஆய்வுக்கூடங்களின் பரிசோதனை முறையையே குழப்பி, டி.எஸ்.எச்.-ஐ இல்லாத அளவுக்குக் குறைவாகவும் தைராக்ஸினை மிகுதியாகவும் காட்டிவிடும். அந்தச் சீட்டை நம்பி மருத்துவர் மாத்திரையைக் குறைத்துவிடவும் கூடும். ஆகையால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்னரே அதை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்த விவரத்தை மருத்துவரிடமும் தெரிவித்துவிட வேண்டும்.