எண்ணெய் மழை பெய்யுது பாஸ்!

மழைக்கு மேகம்தான் வேணுமா என்ன? ஒரு குட்டி மோட்டார், கொஞ்சம் எண்ணெய், தூண்டில் நரம்பு... இது போதும்!

அமெரிக்காவில் 1960, 70-களில் ஹால்களை கலக்கிய ஐட்டம் ‘ரெயின் லேம்ப்’. பறவைக் கூண்டு மாதிரி ஒரு விளக்கு. நடுவே வீனஸ் சிலை, காலடியில் பிளாஸ்டிக் செடிகள், சுற்றிலும் மேலிருந்து கீழாக நைலான் நரம்புகள். அடித்தட்டில் இருக்கும் எண்ணெயை பம்ப் மேலே ஏத்தும். மேல்தட்டில் உள்ள ஓட்டைகள் வழியா அது நரம்பைப் பிடிச்சுக்கிட்டு முத்து முத்தா இறங்கும். விளக்கு வெளிச்சம் பட்டா, அச்சு அசல் மழை!

அதென்ன முத்து முத்தா? பரப்பு இழுவிசையோட வேலைங்க. மெல்லிய திரவப் படலம் தானாகவே துளிகளா உடையும். இதுக்குப் பேர் ‘பிளாட்டோ-ரேலி’ விளைவு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் வெச்சிருக்கிற மக்கள் நோட் பண்ணுங்க!

லாவா லேம்ப்போட இதைக் குழப்பிக்காதீங்க. அது மூடின பாட்டிலுக்குள்ள மெழுகு மிதக்கிற விளக்கு, பம்ப்பே கிடையாது. ரெயின் லேம்ப்ல லேபிளைத் தேடிப் பாருங்க. ‘க்ரியேட்டர்ஸ்’, ‘ஜான்சன் இண்டஸ்ட்ரீஸ்’ன்னு இருந்தா, பழைய சரக்கேதான்!

சரி, அமெரிக்க சித்தப்பா ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டார்னு வைங்க. ஆர்வக்கோளாறுல உடனே ப்ளக்கை சொருகிடாதீங்க. அது 120 வோல்ட் ஜாதி, நம்ம ஊர் 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஆனா அது வோல்ட்டைத்தான் குறைக்கும். 60 ஹெர்ட்ஸுக்குப் பிறந்த மோட்டார் நம்ம 50-ல மெதுவா ஓடும், சூடாகவும் செய்யலாம். அதனால பக்கத்துல ஆள் இல்லாம ஓட விடாதீங்க. வயர் வெடிச்சிருந்தா, முதல்ல எலெக்ட்ரீஷியன்!

அடுத்த வில்லன், சமையல் எண்ணெய். காற்று பட்டுப் பட்டு அது பிசினாகி ஓட்டைகளை அடைச்சிடும், நாத்தம் வேற. மினரல் ஆயில் மட்டும்தான் ஊத்தணும். தண்ணி? கரன்ட் ஓடுற இடம், நினைச்சே பார்க்காதீங்க!

தூசிதான் மெயின் எதிரி. எண்ணெய் கலங்கினா ப்ளக்கைப் பிடுங்கிட்டு பழசை வடிச்சிடுங்க. தட்டையும் நரம்பையும் மெதுவா துடைங்க. அடைச்ச ஓட்டையை ஊசியால குத்திப் பெருசாக்கினீங்கன்னா முத்து போய் ஒழுகல்தான் மிஞ்சும். நரம்பு அறுந்திருந்தா அதே தடிமன்ல புதுசு கட்டுங்க. ஒரு பக்கம் மட்டும் மழை பெய்யுதா? ரிப்பேர்னு பயப்படாதீங்க, விளக்கு சாய்ஞ்சிருக்கும். நேரா நிமிர்த்தி வைங்க.

சுத்தமான எண்ணெய், சரியான கரன்ட். இந்த ரெண்டையும் கொடுத்தா, உங்க அப்பா வயசு விளக்கு உங்க ரூம்லயும் ஜோரா மழை பெய்யும்!