திடீர் பிரேக்கில் மோட்டார் சைக்கிள் தள்ளாடுகிறதா?

முன்னால் செல்லும் லோரி சட்டென்று நிற்கிறது. மோட்டார் சைக்கிளோட்டி பிரேக்கை இறுகப் பிடிக்கிறார். முன்பக்கம் அமிழ்கிறது, பின்சக்கரம் லேசாகி இடமும் வலமும் அலைகிறது. பலரும் உடனே பிரேக்கைத்தான் குறை சொல்வார்கள். அப்சோர்பரை யாரும் நினைப்பதில்லை.

பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்திற்குத் தாவுகிறது. முன் ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் ஃபோர்க் அடிவரை இறங்கிவிடும். அதன்பின் சாலையின் சிறு மேட்டைக்கூட அதனால் தாங்க முடியாது. அதற்காக ஒரேயடியாக இறுக்கிவிடும் இளைஞர்களும் உண்டு. அப்போது டயர் துள்ளி, சாலைப் பிடிப்பை இழக்கிறது. இது இன்னும் ஆபத்து.

பெரிய ரக மோட்டார் சைக்கிள்களில், ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் முன் ஃபோர்க் சுமார் 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்கினால் சரி. அதன் பிறகும் அமிழ்ந்தால், ஃபோர்க் இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகை ஒரு 'கிளிக்' மட்டும் இறுக்கி, அதே சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய அளவைக் குறித்து வைப்பது நல்லது.

கப்சாய்களின் முன்பக்கத்தில் பெரும்பாலும் திருகு இருக்காது. பட்டறையில் ஃபோர்க் எண்ணெயை மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ஃபோர்க்கில் எண்ணெய் கசிந்தால் எந்தத் திருகும் உதவாது. அது பிரேக் தட்டில் படுவதற்குள் சீலை மாற்றிவிட வேண்டும்.