பூச்சாடியில் மிளகாய்: கொழும்புத் தொடர்மாடிகளில் அலங்கார மிளகாய்ச் செய்கை

மிளகு பழந்தமிழர் அறிந்த பண்டம். மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திற்குரியது. போர்த்துக்கேயர் வழியாகவே எமது கரைகளை அடைந்தது. புதிய காய்க்குப் பழைய மிளகின் பெயரையே நீட்டி வழங்கினர் எம்மவர். ஈழத்துப் பேச்சுவழக்கில் கொச்சிக்காய் என்னும் பெயரும் உண்டு. கொச்சித் துறைமுகத்தோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர்.

கடல் கடந்து வந்த இக்காய் எமது அடுக்களையை எவ்வளவு ஆள்கின்றது என்பதை 2021இன் இறுதியில் கொழும்பு மக்கள் நன்குணர்ந்தனர். அட்வகாட்டா நிறுவனத்தின் கணிப்பின்படி, அவ்வாண்டு நவம்பரில் 18 ரூபாவாக இருந்த 100 கிராம் பச்சை மிளகாயின் விலை டிசம்பரில் 71 ரூபாவாயிற்று. இரசாயன உர இறக்குமதித் தடை நவம்பரில் தளர்த்தப்பட்டபோதும் விளைச்சல் உடனே மீளவில்லை. இந்நிலையில், வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனிகளில் அழகுக்கென வைக்கப்படும் சிறுமிளகாய்ச் செடியை நாம் வேறு கண்கொண்டு நோக்க வேண்டியுள்ளது.

அலங்கார மிளகாய்களிற் பெரும்பாலானவை நாம் உண்ணும் மிளகாயின் இனத்தையே சேர்ந்தவை. ஒரே செடியில் ஊதா, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனக் காய்கள் நிற்பது முதிர்ச்சியின் படிகளேயன்றி நஞ்சின் அறிகுறியன்று. இவற்றை உண்ணலாம், சுவை குறைவு, உறைப்பு மிகுதி. அவ்வுறைப்பு விதையில் உள்ளதென்பது பரவலான எண்ணம். உண்மையில் விதைகளைத் தாங்கும் வெண்ணிறத் தசையிலேயே அது தங்கியுள்ளது. எனினும், இதனையொத்த செந்நிறக் காய்களுடைய கத்தரிக் குடும்பத்து அழகுச்செடியொன்று நச்சுத்தன்மை வாய்ந்தது. இனம் தெரியாத செடியின் காயை உண்ணலாகாது. அழகுக்கென விற்கப்படும் செடிகளுக்கு உணவுப் பயிருக்கு ஒவ்வாத பூச்சிகொல்லி தெளித்திருக்கவுங்கூடும். ஆதலின் விதையிட்டு வளர்ப்பதே சாலச் சிறந்தது.

ஒரு சாண் ஆழமும் அடியில் துளையும் உள்ள சாடி போதும். மண்ணோடு கூட்டெருவும் சிறிது மணலும் கலந்து, விதையை அரை அங்குல ஆழத்துள் இடவேண்டும். ஏறத்தாழ இரு வாரங்களில் முளைக்கும். வெள்ளவத்தையின் தனிச்சிக்கல் கடற்காற்றாகும். அது கொணரும் உப்பு இலை விளிம்பைக் கருக்குவதால், காலையில் நன்னீர் தெளித்து இலைகளைக் கழுவுதல் வேண்டும். இலை சுருளின் அடிப்புறத்தைப் பார்க்க. பேன், சிற்றுண்ணி, வெண்ணீ ஆகியவை அங்கேயே ஒளிந்திருக்கும்.

நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயில் இன்றியமையாதது. கடலை நோக்கிய பல்கனிக்கு அது எளிது. கொட்டாஞ்சேனையின் நெருங்கிய ஒழுங்கைகளில் வாழும் குடும்பத்திற்கோ வெயிலும் ஓர் உடைமையே. வீட்டுத்தோட்டத்தைப் போற்றும் அறிவுரைகள் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அங்கெல்லாம் பொது மொட்டைமாடியே பொருத்தமான இடம்.

காய்களைப் பறிக்கப் பறிக்கச் செடி மேலும் பூக்கும். சம்பலுக்கு இரண்டு மூன்று போதும்; எஞ்சியவற்றைக் காம்புடன் உலர்த்தலாம், அல்லது வினாகிரியில் ஊறவிடலாம்.