முன்கைக்குத் தனிப் பயிற்சி வேண்டுமா?

அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். 3,550 படிகளில் கால் களைப்பது இயல்பே. ஆனால், கையில் ஒரு பையைத் தூக்கிச் செல்பவர் கால் ஓய்வதற்கு முன்னரே அதை வலக்கையிலிருந்து இடக்கைக்கும், இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றிக்கொண்டே போவார். தோளுக்கு அந்தப் பை பாரமன்று. விரல்களின் பிடியே முதலில் தளர்கிறது. திருப்பதியிலும் சித்தூரிலும், வேலை நிமித்தம் நம்மவர் குடியேறியுள்ள பிற நகரங்களிலும், உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் கேட்கும் வினா இப்பிடியைப் பற்றியதே: பளு தூக்கும் பயிற்சியோடு முன்கைக்கெனத் தனிப் பயிற்சியும் செய்ய வேண்டுமா?

முதலில் முன்கையின் அமைப்பை அறிதல் நலம். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியே முன்கை. விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களைப் பற்றி இழுக்கின்றன. கையை இறுக மூடிப் பார்த்தால் முழங்கைக்குக் கீழே தசை திரள்வதைக் காணலாம். உள்ளங்கைப் பக்கத்துத் தசைகள் மடக்குவன. புறங்கைப் பக்கத்துத் தசைகள் நீட்டுவன. ஆகவே, கம்பியைப் பற்றும் ஒவ்வொரு பயிற்சியும் முன்கைக்குப் பயிற்சியே ஆகிறது.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஆந்திரத்தைச் சேர்ந்த கர்ணம் மல்லேஸ்வரி 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் முறையில் 110 கிலோவும், கிளீன் அண்டு ஜெர்க் முறையில் 130 கிலோவும் தூக்கி வெண்கலம் பெற்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018இல் கோல்டு கோஸ்ட்டிலும் தங்கம் அவருக்கே. இத்தகைய வீரர்கள் கட்டைவிரலைக் கம்பியோடு ஒட்டி வைத்து, அதன்மேல் மற்ற விரல்களை மடக்கிப் பூட்டிக்கொள்வார்கள். போட்டியில் கம்பியோடு கையைப் பிணைக்கும் வார்களுக்கு இடமில்லை. பிடி வலுப்பெறுவது பெரும்பாலும் பளு தூக்குவதனாலேயே என்பது இதனால் விளங்கும்.

எனவே, புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆறு மாதங்கள் தனிப் பயிற்சியை நாட வேண்டுவதில்லை. தரையிலிருந்து பளுவை எடுத்தல், கம்பியில் தொங்கி உடலை மேலிழுத்தல், டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுத்தல் ஆகியவையே போதும். அதன் பின்னர் தம்மைத் தாமே சோதித்துக் கொள்ளலாம். முதுகிலும் காலிலும் இன்னும் வலு எஞ்சியிருக்கையில் கம்பி விரல்களினின்று நழுவுகிறதா? நழுவுமாயின் தனிப் பயிற்சி தேவை. முன்கை பருக்க வேண்டும் என்று விரும்புபவர்க்கும் அது பயன்படும்.

அதைச் செய்யும் முறை எளிது. வாரம் இரு முறை, மற்றப் பயிற்சிகள் முடிந்த பிறகே செய்தல் வேண்டும். முன்னதாகச் செய்தால் களைத்த பிடியோடு பளுவைத் தூக்க நேரும். முன்கையைத் தொடையில் வைத்து, இலேசான டம்பெல்லுடன் மணிக்கட்டை மேலும் கீழும் பதினைந்து முறை மடக்குக. பின்பு புறங்கை மேலாகத் திருப்பி அவ்வாறே செய்க. இவ்விரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கனமான டம்பெல்லை இரு கைகளிலும் பிடித்து நடப்பதும் நன்று. நம் முன்னோர் சுழற்றிய கர்லாக்கட்டையும் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் வலுவூட்டுவதே.

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பிற மாநிலங்களில் வாழும் நம்மவருள் பலர் கையால் பிழைப்பவர்கள். நகரியில் தறியில் நிற்பவரும், பட்டறையில் திருகுசாவி பிடிப்பவரும், நாளெல்லாம் தட்டச்சு செய்பவரும் எட்டு மணி நேரம் முன்கைக்கு வேலை கொடுத்துவிட்டே பயிற்சிக்கு வருகிறார்கள். தசை விரைவில் வலுப்பெறும். தசைநாண் மெதுவாகவே வலுப்பெறும். இவர்கள் தனிப் பயிற்சியை மேலும் மேலும் சுமத்தினால் முழங்கையின் ஓரத்தில் நோவு தோன்றும். குவளையைத் தூக்குவதும் துன்பமாகும். பருத்த முன்கைக்காக அன்றாடக் கூலியை இழப்பது அறிவுடைமை ஆகாது. திருப்பதியிலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆயினும் நாண் நோவு எலும்பு முறிவன்று. நோவு கண்டால் பளுவைக் குறைக்க வேண்டும்; இரு வாரங்களில் தணியாவிடில் மருத்துவரை அணுக வேண்டும்.

பிடியின் வலிமை உடல்நலத்தின் அறிகுறியும் ஆகும். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பிடி தளர்ந்தவரிடையே மரண விகிதம் மிகுந்திருந்ததைக் கண்டது. அதனால் கைப்பந்தை அமுக்கினால் ஆயுள் நீளும் என்று கொள்ளலாகாது. பிடி முழு உடலின் நிலையைக் காட்டும் அளவுகோல். அளவுகோலை மட்டும் நீட்டினால் உடல் வளர்ந்துவிடாது. முழு உடலையும் பயிற்றுக. பிடி பின்தங்கினால் மட்டும் அதற்குத் துணை செய்க. நாளைய வேலைக்கு அந்தக் கை வேண்டும் என்பதையும் மறவாதிருப்போமாக.